நாலடிப் புட்டுக்குழல்

"கட்டிலுக்கு அடியில தள்ளுங்க."

"தள்ளிப் பாத்தாச்சு. தலை வெளியே நீட்டுது."

"கதவுக்குப் பின்னால நிறுத்துங்க."

"கதவு சாத்த மாட்டேங்குது, அம்மிணி."

ஒச்சப்பன் நாலடி நீளத் தகரக் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் படகை விட்டு இறங்கிவிட்டார்கள் என்று தரகர் வேலன் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து இந்த வீட்டுக்கு வர, வழியில் நின்று ஒரு சாயா குடித்தாலும் அதிக நேரம் ஆகாது.

அந்தக் குழாய் ஒரு தொலைநோக்கி. பெரிய கண்ணாடி பழைய சாமான் கடையில் கிடைத்தது. கண் வைத்துப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கினார். குழாயை அடித்துக் கொடுத்தவர் பஜாரில் பாத்திரம் செய்கிற ஆசாமி. அவர் கையில் எது பிறந்தாலும் சமையலறைச் சாயல் வந்துவிடும், இதிலும் வந்திருந்தது.

ஒச்சப்பனுக்குக் கார்ப்பரேஷனில் குடிநீர் வால்வு திறக்கிற உத்தியோகம். சாயங்காலமானால் நாலு தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுவார். பிறகு மாடிக்கு ஏறி வானத்தைத் திறந்துகொள்வார். அது 1980 மார்ச். இருட்டத் தொடங்கியதும் மேற்கே வெள்ளி, கிழக்கே செவ்வாய், வியாழன், சனி என்று வானம் விருந்து வைத்துக்கொண்டிருந்த மாதம். மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை.

அம்மிணிக்கு மற்ற கிரகங்களோடு தகராறு இல்லை. சனியோடுதான். நவக்கிரக சன்னதியில்கூட சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நிற்காமல், ஓர் ஓரமாக ஒதுங்கி நின்று கும்பிட்டுவிட்டு வருகிற குடும்பம் அவளுடையது.

"கோயில்லயே அவர் முகத்துக்கு நேரா நிக்க மாட்டோம். இவரு கண்ணாடி போட்டு, பெருசாக்கி இல்ல பாக்கறாரு" என்று அவள் தெருக்குழாயடியில் பொருமாத நாள் கிடையாது. மகள் ஸ்வர்ணலதாவுக்கு வேறு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போனதற்கு அம்மிணி அந்தக் குழாயைத்தான் குற்றம் சொன்னாள்.

உண்மையில் அந்த வருஷம் ஒச்சப்பனுக்கே சனியோடு ஒரு மனத்தாங்கல் இருந்தது. லதா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் முதன்முதலாக அதைக் காட்டியபோது, "அப்பா, தட்டுல வெச்ச லட்டு மாதிரி இருக்கு" என்று சொன்னாள். அத்தனை அழகாக வளையம் தெரிந்தது. இப்போது சில மாதங்களாக லட்டு இருக்கிறது, தட்டைக் காணோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழாயை மறுபடி பற்றவைத்தார். தட்டு வரவில்லை. தன் தொலைநோக்கிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டி, மகளிடம் மட்டும் சொல்லி வருத்தப்பட்டார்.

"ஊரான் வீட்டு வளையத்தைத் தேடினது போதும். மக கல்யாணத்தைப் பாருங்க" என்றாள் அம்மிணி இப்போது. "அந்தக் குழாயை அடுப்படி மூலையில சாத்தி ஒரு துண்டைப் போத்துங்க. அங்க யாரும் வர மாட்டாங்க."

துண்டைப் போர்த்தினார். இந்த இடம் தட்டிப்போகக் கூடாது. மாப்பிள்ளை அழகர், ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். லதா எர்ணாகுளத்துக்கு டைப்பிங் வேலைக்குப் போகிற படகில்தான் அவனும் போவான். ஒரு மழை நாளில் தன் குடையை அவளிடம் நீட்டிவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்றான். இரண்டு பேரும் பேசிக்கொண்டதுகூட இல்லை. ஆனால் வேலன் இந்த வரனைக் கொண்டுவந்தபோது லதா, "இவங்கன்னா சரிம்மா" என்றாள். கல்யாணம் பற்றி அவள் வாயைத் திறந்து சொன்ன ஒரே வாக்கியம் அது. ஒச்சப்பன் அதை வெளித்திண்டில் உட்கார்ந்து வால்வுச் சாவிக்கு எண்ணெய் போடுகிறபோது கேட்டார். கண் கலங்கியதை எண்ணெய்க் கையால் துடைத்ததில் அப்புறம் நாள் பூராவும் கண் எரிந்தது.

கண்டம் எல்லாம் மாப்பிள்ளையின் அம்மா மாயம்மாள் ரூபத்தில் இருந்தது. வேலன் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

"அந்தம்மா ஏகப்பட்ட வீட்டைத் தள்ளிருச்சு. நகை கேக்காது, பணம் கேக்காது. ஆனா சாஸ்திரம் ரொம்ப. மாடி இருக்கா, கிழக்குத் திறந்திருக்கா, தெருவிளக்கு வாசலுக்கு நேரா நிக்குதா, கிரகணத்தன்னைக்கு என்ன பண்ணினீங்க, இப்படித்தான் கேக்கும். எனக்கே தலை சுத்துது. பாத்துப் பதில் சொல்லுங்க, ஒச்சப்பண்ணே."

பாத்துத்தான் சொல்லவேண்டும் என்று ஒச்சப்பன் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

வந்தார்கள். முதலில் மாயம்மாள், நெற்றியில் பெரிய குங்குமம், எதையும் அளந்து பார்க்கிற கண்கள். பின்னால் அவள் கணவர் பிச்சை. வல்லார்பாடத்தில் வீடு, பழைய கப்பல் சாமான்களை வாங்கி விற்கிறவர். வாயைத் திறந்தால் அது சாப்பிடத்தான் என்கிற முகம். கடைசியில் அழகர், செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் இரண்டு தடவை இடம் மாற்றி விட்டான்.

லதா சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தாள். அழகர் தம்ளரை எடுத்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டான். லதா தலையைக் குனிந்து சிரித்தாள். ஒச்சப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. உடனே பயமும் வந்தது.

"போன மாசம் கிரகணம் வந்ததே. அன்னைக்கு நீங்க எல்லாரும் என்ன பண்ணினீங்க?" என்று ஆரம்பித்தாள் மாயம்மாள்.

"கதவு, ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சுக்கிட்டு உள்ளேயே இருந்தோம்மா. அடுப்புப் பத்தவைக்கலை. தண்ணிகூடக் குடிக்கலை. தண்ணிக்குடத்துல தர்ப்பை போட்டு வெச்சோம்."

மாயம்மாள் முகத்தில் இருந்த வெளிச்சம் சற்றுக் குறைந்தது. பக்தி போதவில்லையோ என்று ஒச்சப்பன் பதறினார்.

"பூனையைக்கூட வெளியே விடலைம்மா" என்று சேர்த்தார்.

"பூனையையுமா?" என்றாள் மாயம்மாள், களைத்துப்போன குரலில். கொஞ்சம் பொறுத்து, "மாடிக்கு ஏறுறதுண்டா?" என்று கேட்டாள்.

"துணி காயப்போட மட்டுந்தான். அதுவும் விளக்கு வெக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் இறங்கிடுவோம்."

"கிழக்குப் பக்கம் திறந்திருக்குமா?"

"எங்கே? பெரிய தென்னை ஒண்ணு முழுசா மறைச்சுக்கிட்டு நிக்குது. சனி கிளம்பி வர்ற திசையாச்சேன்னு நான்தான் வெட்டாம விட்டு வெச்சிருக்கேன்."

மாயம்மாள் பாதிச் சாயாவோடு தம்ளரைக் கீழே வைத்தாள். வேலன் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒச்சப்பனுக்குக் கையைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுங்கள் என்கிறாரா, போதும் நிறுத்துங்கள் என்கிறாரா என்று புரியவில்லை. அழகர் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பழம்பொரியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

அப்போதுதான் தெருவிலிருந்து சரோஜம்மாவின் குரல் வந்தது. பக்கத்து வீடு, காலிக் குடமும் கையுமாக வாசலில் நின்றாள்.

"ஒச்சப்பேட்டா, வெள்ளம் வந்தில்லல்லோ. வால்வைத் திறக்காம இன்னைக்கும் மேல ஏறி சனியைப் பாத்துட்டு இரிக்கயாணோ?"

வேலன் கண்ணை மூடிக்கொண்டார்.

"சனிக்கிழமை விரதத்தைச் சொல்றாங்க" என்றார் ஒச்சப்பன்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள் மாயம்மாள்.

"ஆமா. நேத்து ஒரு வேளை விட்டுப்போச்சு. இன்னைக்குச் சேத்துப் பிடிக்கிறேன்."

அவர் கையில் கடித்த பழம்பொரி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "இதோ தண்ணி திறந்துட்டு வந்துடறேன்" என்று வால்வுச் சாவியோடு ஓடினார். பெண் பார்க்கிற அன்றைக்கு, அதுவும் இந்த நேரத்தில், நாலு தெரு ஜனங்களின் தாகம் அவர் நினைவிலேயே இல்லை. வால்வைத் திருப்புகிறபோது, குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் நின்று மூச்சு விட்டார். இன்னும் கொஞ்ச நேரந்தான். சமாளித்துவிடலாம்.

திரும்பி வந்தபோது கூடத்தில் வேலனும் அழகரும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மத்தவங்க எங்கே?"

"அடுப்படியைப் பாக்கணும்னு அந்தம்மா போயிருக்கு" என்றார் வேலன், சாவுச் சேதி சொல்கிறவர்போல.

ஒச்சப்பன் உள்ளே பாய்ந்தார். துண்டு தரையில் கிடந்தது. பிச்சை அந்தக் குழாயைப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். மாயம்மாள் அவருக்கு முன்னால் கையை நீட்டி மறித்திருந்தாள்.

"தொடாதீங்க. நீங்க தொட்ட எதுவும் உருப்பட்டதில்லை."

பிச்சை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மிணி கணவரைப் பார்த்துக் கண்ணால் மன்றாடினாள்.

"புட்டுக்குழல்னு சொன்னேன்" என்று காதருகில் கிசுகிசுத்தாள். "வாயில அதுதான் வந்துச்சு. நான் என்ன பண்ணட்டும்."

"புட்டுக்குழல்தான்" என்றார் ஒச்சப்பன் உரக்க. "விசேஷத்துக்கு எடுக்கிறது."

"நாலடிக்கா?" என்று முதல்முறையாக வாய் திறந்தார் பிச்சை. "ஒரு தடவை அவிச்சா தெருவுக்கே போதுமே. இப்ப அவிக்கலாமா?"

"மாவு இல்லைங்களே" என்றாள் அம்மிணி அவசரமாக.

"மூலைக்கடையில இருக்கும். நான் வாங்கிட்டு வர்றேன்." பிச்சை சொன்னதோடு நிற்கவில்லை, கிளம்பியும் விட்டார். அந்த உடம்பில் இத்தனை வேகம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. ஒச்சப்பன் தேங்காயாவது கெட்டுப்போயிருக்காதா என்று மூலையில் தேடினார். எல்லாம் நல்ல தேங்காய்.

மாயம்மாள் குழாயின் அடியில் இருந்த மூடியைத் தட்டிப் பார்த்தாள். "அடியில மூடி போட்டிருக்கே. ஆவி எப்படி ஏறும்?"

"அவிக்கிறப்ப மூடியைக் கழட்டிடுவோம்" என்றாள் அம்மிணி.

மாயம்மாள் கழற்றினாள். உள்ளே கண்ணாடி பளபளத்தது.

"இது எதுக்கு?"

"புட்டு வெந்துடுச்சான்னு வெளியிலேருந்து பாக்கிறதுக்கு" என்றார் ஒச்சப்பன்.

சொன்ன பிறகு அவருக்கே தன் மேல் பரிதாபமாக இருந்தது. மாயம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, வேறு எதுவுமா என்று பிடிபடாத பார்வை. அதற்குள் பிச்சை மாவோடு வந்து நின்றார். அவளே மாவை அகலக் கிண்ணத்தில் கொட்டி, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறினாள். பிறகு கூடத்தைப் பார்த்து, "லதா, இங்க வாம்மா. நீயே நிரப்பு பாப்போம்" என்றாள்.

லதா வந்தாள். வலது கையில் ஒரு பிடி மாவு எடுத்துக்கொண்டாள். இடது கையால் குழாயைத் தூக்கிப் பிடித்தாள். வாசற்படியில் அழகர் வந்து நின்றான்.

"ஏம்மா, நீ எப்பவாவது இருட்டினப்புறம் வானத்தைப் பாத்திருக்கியா?" என்று கேட்டாள் மாயம்மாள்.

லதா அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அழகரை ஒரு கணம் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றாள்.

ஒச்சப்பன் மகளைப் பார்த்தார். எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் எந்தக் கிரகம் நகர்ந்து வந்திருக்கிறது என்று அவருக்கு முன்னால் கண்டுபிடித்துச் சொல்கிறவள். கழுத்து வலிக்க வலிக்க, "இன்னும் கொஞ்ச நேரம்பா" என்று கெஞ்சுகிறவள். அவருக்காகத்தான் பொய் சொல்கிறாள். அவர் கற்றுக்கொடுத்த பொய். அப்போதுதான் அவள் இடது கையைக் கவனித்தார். மாவு ஒரு துகள்கூடப் பட்டுவிடாமல், உள்ளங்கையால் கண்ணாடியை முழுசாக மூடிப் பிடித்திருந்தாள்.

"போடாதே, லதா" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அம்மா, இது புட்டுக்குழல் இல்லை. தொலைநோக்கி. நான் சொன்னது அத்தனையும் பொய். தென்னை மரம் பொய். விரதம் பொய். பூனையும் பொய், எங்க வீட்ல பூனையே கிடையாது. கிரகணத்தன்னைக்கு நானும் என் மகளும் மாடியிலதான் இருந்தோம். இந்தக் குழாய் வழியா சூரியனை வெள்ளை வேட்டி மேல விழ வெச்சு, அது தேயத் தேயப் பாத்துக்கிட்டே சாயா குடிச்சோம். சனியை நாங்க நேருக்கு நேராத்தான் பாக்கறோம். எனக்கு முன்னால அவதான் பாப்பா." சட்டைப்பையில் பழம்பொரி எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. "இந்த இடம் அவளுக்குப் பிடிச்ச இடம். அதனாலதான் பொய் சொன்னேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. ஆனா காலம் பூரா அவ 'இல்லைங்க, இல்லைங்க'ன்னு சொல்லிக்கிட்டுக் குடித்தனம் பண்ண நான் விட மாட்டேன்."

அம்மிணி தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். லதா கையிலிருந்த மாவை மெதுவாகக் கிண்ணத்தில் போட்டாள்; கண்ணாடியிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை.

மாயம்மாள் எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வேலன் வாசலுக்குப் போய்த் தன் சைக்கிளின் பூட்டைத் திறந்துவிட்டார்.

"மாடிப்படி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் மாயம்மாள்.

யாரும் பதில் சொல்வதற்குள், கிழக்குத் தென்னை நிஜமாகவே பொய்தானா என்று சோதித்துப் பார்க்கத்தான் போகிறாள் என்று ஒச்சப்பனுக்குத் தோன்றியது. லதா குழாயின் ஒரு முனையைத் தூக்கினாள். மறுமுனையை அழகர் வந்து வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் அதைச் சுவரில் இடிக்காமல் படியேற்றிய பக்குவத்தைப் பார்த்து, சம்பந்தம் நின்றுபோன துக்கத்திலும் ஒச்சப்பன் மெச்சிக்கொண்டார்.

மாடியில் காற்றில் சுக்கும் மிளகும் மணத்தன. மேற்கே வெள்ளி பளிச்சென்று நின்றது. கிழக்கில் மறைக்க ஒரு மரம் இல்லை. ஒரு தெருவிளக்கு இல்லை. கூரைகளுக்கு மேலே, கொஞ்ச உயரத்தில், சனி அமைதியாக வந்து உட்கார்ந்திருந்தது. லதா குழாயைத் தாங்கியில் ஏற்றித் திருப்பி வைத்தாள்.

"இங்க கண் வெச்சுப் பாருங்க" என்று ஒதுங்கி நின்றாள். அவள் ஒதுங்கிய பக்கம் அழகர் நின்றிருந்தான். இரண்டு பேரும் அதற்கு மேல் ஒதுங்கவில்லை.

மாயம்மாள் குனிந்தாள். பார்த்தாள். ஒரு விரலால் கண்ணாடியைத் துளி முன்னே இழுத்து, மறுபடி பார்த்தாள். அம்மிணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, சனிக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நகர்ந்து நின்று, பகவானே இந்த ஒரு தடவை என்று முணுமுணுத்தாள். ஒச்சப்பனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. வளையமாவது இருந்திருக்கலாம். அந்த அழகைப் பார்த்தால் எந்த மனசும் இளகியிருக்கும். இந்த நேரம் பார்த்து வெறும் லட்டு.

மாயம்மாள் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு, படியருகில் மாவுப் பொட்டலத்தின் மிச்சத்தோடு நின்ற தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒச்சப்பன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தார்.

"ஏங்க, வீணா உங்களைத் திட்டிட்டேன். இதுலயும் வளையத்தைக் காணோம். நம்ம வீட்டுக் குழல்ல கோளாறு ஒண்ணும் இல்லை."